மிதிதொட்டியில் கிடைத்த வளையம்

எங்கள் எஸ்டேட்டின் கீழ்க்கோடியில் ஒரு பாறை இருந்தது. பனிமூட்டம் விலகிய பகலில் அதன் மேல் ஏறி நின்றால் குப்பனூர் ஏரி தெரியும். ஏரியை ஒட்டிய புளியமரங்களுக்குப் பின்னால் என் அம்மா வீடு. கூரை கண்ணில் படாது. ஆனாலும் அங்கேதான் இருக்கிறது என்று தெரிந்துகொண்டு நிற்பது இருக்கிறதே, அதற்குக் கண்காணாத தேசத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தால்கூட நிம்மதியாக இருந்திருப்பேன். காலையில் இறங்கினால் பொழுது சாய்வதற்குள் போய்விடக்கூடிய வீடு அது. போகத்தான் முடியாது.

வெள்ளைக்காரத் துரைகள் சேர்வராயன் மலையில் காப்பித் தோட்டம் போட்டு ஆண்ட காலம். கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு எஸ்டேட்டில், கூலிக்காரர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீட்டுக்கு நான் மருமகளாகப் போனேன். ஐந்தாவது வரை படித்தவள் என்று என் மாமியார் ஊரெல்லாம் பெருமை பேசிவிட்டு, வீட்டுக்குள் வந்ததும் படிச்ச கழுதைக்கு அடுப்பூதத் தெரியவில்லை என்பார். அதையெல்லாம் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எனக்குப் பிடிக்காதது அந்த கேட்தான். ரைட்டர், அதாவது எஸ்டேட் கணக்கர், சீட்டு கொடுத்தால்தான் காவல்காரன் அதைத் திறப்பான். பொண்டாட்டி செத்தாலும் சீட்டு, சந்தைக்குப் போனாலும் சீட்டு.

தலைச்சன் பிள்ளை வயிற்றில் தங்கியபோது, எப்படியாவது கீழே இறங்கிவிட வேண்டும் என்ற ஒரே நினைப்புதான் எனக்கு. தலைப்பிரசவம் அம்மா வீட்டில் என்பது வழக்கம், அதற்காக இல்லை. அந்த வருஷம் மழைக்காலத்தில் எங்கள் அறைக்கு அடுத்த அறைக்காரி பிரசவத்தில் செத்துப்போனாள். இரண்டு அறைக்கும் நடுவில் ஒரே சுவர். அவள் கத்தியது முழுவதையும் நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டேன். கம்பவுண்டர் வந்தார். காய்ச்சலுக்குக் கொடுக்கும் அதே மிக்சரைக் கொடுத்துவிட்டுப் போனார். குப்பனூராக இருந்தால் வண்டியைக் கட்டிச் சேலம் ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம். தை பிறந்ததும் அப்பா வந்து கூட்டிப் போவதாகப் பேச்சு. அந்தப் பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் நாளைத் தள்ளினேன்.

வயிறு தெரிய ஆரம்பித்ததும் மேஸ்திரி என்னைப் பழம் பறிக்க அனுப்பவில்லை. சரிவில் உருண்டுவிடுவேனாம். மிதிதொட்டியில் இறக்கிவிட்டார். காப்பிப் பழத்தை பல்பர் மிஷினில் போட்டுத் தோலை உரித்துவிட்டால், கொட்டையின் மேல் கொழகொழவென்று ஒரு வழுக்கல் இருக்கும். தொட்டியில் போட்டு ஊறவைத்து, புளித்த பிறகு காலால் மிதித்து மிதித்து அந்த வழுக்கலைப் போக்க வேண்டும். மூங்கிலைக் குறுக்கே கட்டியிருப்பார்கள். அதைப் பிடித்துக்கொண்டு முழங்கால் ஆழத்தில் மிதிப்போம். மார்கழிக் குளிரில் அந்தத் தண்ணீருக்குள் இறங்கினால் உயிர் ஒரு தடவை போய்விட்டு வரும். அதற்குப் பேர் லேசான வேலை.

அங்கேதான் என் இடது கால் மெட்டி போயிற்று. புருஷன் இருக்கிறவள் மெட்டியைக் கழற்றக் கூடாது என்பதால் எல்லாரும் போட்டுக்கொண்டேதான் மிதிப்போம். வழுக்கலில் யாருக்காவது நழுவும், பிறகு கொட்டையைக் கழுவும்போது கிடைக்கும். என்னுடையது கிடைக்கவில்லை. மாமியார் வானத்துக்கும் பூமிக்கும் குதித்தார்.

“எம்பையன் உசுரோட இருக்கறப்பவே ஒத்தக்காலு மூளியா நிக்கறியே, உனக்கு வெக்கமா இல்ல?”

மறுநாளும் தொட்டிக்குள் விரல்களை அகட்டி அகட்டித் துழாவிக்கொண்டேதான் மிதித்தேன். ஒரு மூலையில் விரல் நுனியில் ஏதோ மாட்டியது. சந்தோஷமாகக் காலை வெளியே எடுத்தேன். மெட்டிதான் என்று நினைத்தேன். இல்லை. மெட்டிக்கு வாய் பிளந்திருக்கும், நெருக்கிக்கொள்ளலாம், அகட்டிக்கொள்ளலாம். இது வாயே இல்லாத முழு வளையம். வெள்ளையாக, பூவேலை ஒன்றும் இல்லாமல் மொழுக்கென்று இருந்தது.

அது என்ன உலோகம் என்று தொட்டியைச் சுற்றி ஒரு பஞ்சாயத்தே நடந்தது. வெள்ளி என்றாள் ஒருத்தி. புளித்த தண்ணீரில் கிடந்தால் வெள்ளி கறுத்துப் போகும், எங்கள் எல்லார் மெட்டியும் கறுத்துத்தான் கிடந்தது, இது பளபளவென்று இருந்தது. ஆகவே வெள்ளி இல்லை. கையில் வைத்தால் கனமாகக் கனத்தது. ஈயமாக இருக்கும் என்றாள் இன்னொருத்தி. கடித்துப் பார்த்தாள், பல்தான் வலித்தது. ஈயமும் இல்லை. துருவைக் காணோம், அதனால் இரும்பும் இல்லை. உள்ளங்கையில் வைத்துத் தேய்த்து மோந்து பார்த்தோம், பித்தளை வாடையும் வரவில்லை. தங்கமோ என்று ஒருத்திகூடக் கேட்கவில்லை. தங்கம் என்றால் மஞ்சள். அதில் எங்களுக்கு என்ன சந்தேகம்?

பல்பர் மிஷினைப் பார்த்துக்கொள்ளும் ஃபிட்டரைக் கூப்பிட்டோம். தலைக்கனம் பிடித்த மனிதர். அவருக்குத் தெரியாத ஒன்றை ஆண்டவன் இன்னும் படைக்கவில்லை. வளையத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உட்புறம் பொடிப்பொடியாக இங்கிலீஷ் எழுத்து வெட்டியிருந்தது.

“பாருங்க, கம்பெனி எழுத்து போட்டிருக்குது. மிஷின்ல எதைக் கழட்டினாலும் இப்பிடித்தானுங்க எழுத்து இருக்கும். இது பல்பர் வாசரு. சீமை இரும்பு, அதான் துரு ஏறல. எங்கிட்ட வேற வாசரு நொம்பக் கெடக்குது, வேணும்னா நீயே வெச்சுக்க அம்மணி” என்றார்.

மிஷினும் சீமையிலிருந்து வந்தது, எழுத்தும் சீமை எழுத்து. எங்களுக்கு அதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? அன்றைக்கே அதை என் இடது கால் இரண்டாவது விரலில் போட்டுக்கொண்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. மாமியார்கூட, பார்க்க லட்சணமாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டார். மிஷின் சாமானைக் காலில் மாட்டிக்கொண்டு சுமங்கலியாக நடமாடினேன்.

சில நாள் கழித்துக் காலையில் பேர் கூப்பிடும் இடத்தில் ரைட்டர் வந்து நின்றார். துரைசாணியம்மாவின் கல்யாண மோதிரம் காணவில்லை, கிடைக்கிற வரைக்கும் ஒரு குஞ்சு குருவிகூட எஸ்டேட்டை விட்டு இறங்கக் கூடாது, இது துரை உத்தரவு என்றார். சந்தைக்கும் சீட்டு கிடையாது. பெண்களை வரிசையாக நிறுத்தினார்கள். கொண்டையை அவிழ்க்கச் சொன்னார்கள், மடியை உதறச் சொன்னார்கள், வாயைத் திறக்கச் சொன்னார்கள். காது, மூக்கு, கழுத்து எல்லாம் பார்த்தார்கள். காலை ஒருவரும் பார்க்கவில்லை. தங்கத்தை இடுப்புக்குக் கீழே போட எந்தப் பொம்பளைக்காவது துணிச்சல் வருமா? தங்கம் லட்சுமி அல்லவா? எந்தத் தறுதலை எடுத்தாளோ, அவள் கையில் பாம்பு கடிக்க என்று வரிசையில் நின்றுகொண்டே மனதுக்குள் சபித்தேன். என்னையேதான் சபித்துக்கொண்டேன்.

தை பிறந்தது. அப்பா வந்தார். என் கணவர் ஓடிவந்து சொன்னதும் மூச்சு வாங்க கேட்டுக்குப் போனேன். அப்பா கேட்டுக்கு வெளியே தலையில் கூடையோடு நின்றுகொண்டிருந்தார். உள்ளே விட முடியாது என்று காவல்காரன் சொல்லிவிட்டான். அவனைக் குறை சொல்லிப் புண்ணியமில்லை, அவனுக்கும் வயிறு இருக்கிறது.

“என்ன கண்ணு இது, ஜெயிலாட்டம்?” என்றார் அப்பா.

கேட்டின் கம்பிகளுக்கு நடுவே கையை விடச் சொல்லி, கூடையிலிருந்த கண்ணாடி வளையல்களை அவரே ஒவ்வொன்றாக என் கையில் மாட்டினார். அம்மாவும் அத்தைமாரும் சுற்றி உட்கார்ந்து பாடிக்கொண்டே போட வேண்டிய வளையல். ஆம்பளை கை, கம்பி இடுக்கு, இரண்டு மூன்று உடைந்தன. கட்டுச்சோற்றையும் அப்படியே பொட்டலம் பொட்டலமாக உள்ளே தள்ளினார். பிறகு துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பி இறங்கிப் போனார். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மானம் வெட்கம் எல்லாம் அப்போது நினைவில் இல்லை.

அன்று சாயங்காலம்தான் என் நாத்தனார் வீட்டுக்கு வந்தாள். பங்களாவில் துரைசாணியின் துணிமணி பார்க்கிறவள் அவள். மோதிரம் காணாமல் போன நாளிலிருந்து அவளை வீட்டுக்கு அனுப்பாமல் பங்களாவிலேயே வைத்து விசாரித்துக்கொண்டிருந்தார்கள். ஒன்றும் தேறாமல் அன்றைக்குத்தான் விட்டார்கள். முகம் வீங்கியிருந்தது. மாமியார் காப்பித்தண்ணி போட்டுக் கொடுத்தார்.

“ஒரு மஞ்சக் காசு மோதிரத்துக்கு இத்தன பாடா சாமி?” என்று மாமியார் புலம்பினார்.

“மஞ்சளுன்னு எவ சொன்னா? அது வெள்ளை வெளேர்னு இருக்குமுங்கம்மா. வெள்ளியாட்டம் தெரியும், வெள்ளி இல்ல. கறுக்கவே கறுக்காது. பிளாட்டினமோ என்னமோ சொல்லுவாங்க, தங்கத்துக்கும் மேலயாம். குளிர்ல விரல் சுருங்கி எங்கியோ கழண்டுக்கிச்சாட்டம் இருக்குது. பல்பர் கொட்டாய்க்கு விருந்தாளிங்களக் கூட்டிக்கிட்டுப் போயி பழத்தையெல்லாம் அள்ளி அள்ளிக் காட்டினாங்களே, அன்னிக்கு...”

கால் வீங்கியிருந்ததால் நான் இரண்டு காலையும் நீட்டிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். நாத்தனார் என் இடது காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாமியாரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

எனக்குச் சிரிப்பு வந்தது. நம்ப மாட்டீர்கள், ஆனால் வந்தது. அப்பாவைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திய பூட்டின் சாவி என் கால்விரலிலேயே இருந்திருக்கிறது. கழற்றிக் கொடுத்துவிட்டால் நாளைக்கே குப்பனூர். பயம் அதற்குப் பிறகுதான் வந்தது, அதுவும் வளையத்தை இழுத்துப் பார்த்த பிறகு. கர்ப்பத்து நீர் இறங்கி விரல் வீங்கிப் போயிருந்தது. விளக்கெண்ணெய் தடவினோம், சோப்புப் போட்டோம், குளிர்ந்த தண்ணீரில் காலை வைத்துப் பார்த்தோம், நூலைச் சுற்றி உருவினோம். தோல் உரிந்து ரத்தம் வந்ததே தவிர வளையம் அசையவில்லை. அரத்தால் அறுத்துவிடலாம் என்று என் கணவர் மெதுவாகச் சொன்னார்.

“மெட்டிய அறுக்கறதா? அறுத்தா உனக்கு ஆகாதுடா” என்று மாமியார் அவர் வாயைப் பொத்தினார். அது மெட்டியே இல்லை என்று சொல்லிப் பார்த்தேன். கால்ல ஏறுனா மெட்டிதான் என்று முடித்துவிட்டார்.

காலையில் நாங்களே பங்களாவின் பின்பக்கம் போய் நின்றோம். துரைசாணி குனிந்து பார்த்தார். சதை வளையத்தை விழுங்கியிருந்தது, வெளியே ஒரு கோடுதான் தெரிந்தது. தன்னுடையதா என்று தெரியவில்லை, தன் பெயரை உள்ளே வெட்டியிருக்கும் என்றார். உள்பக்கம்தான் என் விரலோடு ஒட்டிக் கிடந்ததே. ஃபிட்டரைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அந்த மகராசன் அப்போதும் விடவில்லை, “வாசருதானுங்க தொரை” என்றார். அதனால் சேலத்திலிருந்து நகை ஆசாரியை வரவழைத்துப் பார்க்கலாம் என்று துரை முடிவு செய்தார்.

ஆசாரி உரைகல்லும் திராவகப் புட்டியுமாக வந்தார். என் காலை மூன்று தடவை கழுவ வைத்தார். பிறகும் தொட மனசில்லாமல் ஒரு துணியைப் போட்டுப் பிடித்தார். முதலில் என் வலது கால் மெட்டியைக் கல்லில் ஒரு இழுப்பு. பிறகு கல்லை என் இடது கால்விரலில் அழுத்தி வளையத்தின் மேல் ஒரு இழுப்பு. கல்லில் இரண்டு வெள்ளைக் கோடுகள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. துரை, துரைசாணி, ரைட்டர், என் வீட்டார் எல்லாரும் அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சாமியே, இது அந்த மோதிரமாகவே இருக்கட்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். திருட்டுப் பட்டம் வந்தாலும் வரட்டும், கேட் திறந்தால் போதும்.

திராவகத்தைத் தொட்டு வைத்தார். மெட்டிக் கோடு புகைந்தது போல் கரைந்து போயிற்று. மற்றது அப்படியே இருந்தது. இன்னொரு சொட்டு விட்டார். அப்போதும் இருந்தது.

“வெள்ளியில்லீங்க, இரும்புமில்லீங்க. திராவகத்துக்கு அசையாத வெள்ளை ஒண்ணுதானுங்க இருக்குது. உங்க பிளாட்டினம்தான்” என்றார் ஆசாரி.

துரை சத்தம் போட்டார். திருடியிருந்தால் ஊர் பார்க்கக் காலில் மாட்டிக்கொண்டா திரிவாள் என்று துரைசாணி அவரை அடக்கினார். அது வரைக்கும் எனக்கு அவர் மேல் மரியாதை இருந்தது. கத்தரித்து எடுத்துவிடவா, பிறகு சூடு வைத்து ஒட்டிக்கொள்ளலாம் என்று ஆசாரி கேட்டார். துரைசாணி பதறிப் போனார். கல்யாண மோதிரத்தை வெட்டுவதா, கூடவே கூடாது, தன் புருஷனுக்கு ஆகாது என்றார். ரைட்டர் அதைத் தமிழில் சொன்னபோது என் மாமியார் தலையை ஆட்டி ஆட்டி ஆமோதித்தார். சீமையில் பிறந்தாலும் லைன் வீட்டில் பிறந்தாலும் அந்த விஷயத்தில் இரண்டு பேருக்கும் ஒரே மூளை. அவரவர் புருஷனுக்கு ஒன்றும் ஆகக் கூடாது. என் உயிரைப் பற்றி அங்கே பேச்சு வரவில்லை.

பிள்ளை பிறந்தால் வீக்கம் வடியும், தானாகக் கழன்றுவிடும் என்று ஆசாரியே வழி சொன்னார். அப்படியானால் அது வரைக்கும் இவள் எஸ்டேட்டை விட்டுப் போகக் கூடாது என்று துரை சொன்னார். யாராவது அரத்தை வைத்தால் என் கணவர் மேல் திருட்டுக் கேஸ். மறுநாள் எல்லாருக்கும் கேட் திறந்தது. சனங்கள் கும்பலாகச் சந்தைக்குப் போனார்கள். எனக்கு மட்டும் திறக்கவில்லை.

மோதிரம் வைக்கிற பெட்டியாக நான் இருந்தேன். வேலைக்குப் போகக் கூடாது, கால் கல்லில் பட்டு மோதிரம் தேய்ந்துவிடும். நாத்தனார் தினமும் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்ல வேண்டும். துரைசாணியே ஒரு நாள் லைன் வீடு வரைக்கும் வந்தார். வாசலில் நின்று என் காலைத்தான் பார்த்தார். நான் வயிற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்றேன், கண்ணில் படட்டும் என்றுதான். அவர் கண் மேலே ஏறவில்லை. அவரைக் கடித்துக் குதறிவிட வேண்டும் போல இருந்தது. கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

என் கணவர் ஒரே ஒரு தடவை அரத்தை வேட்டி மடிப்பில் ஒளித்து எடுத்து வந்தார். “அறுத்துப் போடுங்க, கேஸ் வந்தா வரட்டும்” என்றேன். வெகுநேரம் என் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்துவிட்டு எழுந்து போய்விட்டார். நல்ல மனிதர்தான். அன்றைக்கு எனக்கு நல்லவர் தேவைப்படவில்லை.

மாசியில் வலி எடுத்தது. சம்பந்தி வீட்டில் ஒரு வேளைகூடக் கை நனைக்காத என் அம்மா முன்னதாகவே மலையேறி வந்து, அடுப்பங்கரையில் சுருண்டு படுத்துக் காத்திருந்தாள். விடிந்தது, இருட்டியது, மறுபடி விடிந்தது. தலை வந்துவிட்டது, தோள் சிக்கிக்கொண்டது. சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது யார் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறாளோ என்று நினைத்தது ஞாபகம் இருக்கிறது. கம்பவுண்டர் வந்து எட்டிப் பார்த்துவிட்டு மிக்சர் கொடுத்தார். கடைசியில் லைன் கிழவி ஒருத்தி உள்ளே கையை விட்டு, அகப்பட்ட கையைப் பிடித்து இழுத்தாள். என் மகள் பிறந்தாள். சேலம் ஆஸ்பத்திரியில் வேறு மாதிரி நடந்திருக்குமா என்று யாராலும் சொல்ல முடியாது என்பார்கள். என்னால் சொல்ல முடியும்.

கொஞ்ச நாளில் நீர் வடிந்தது. அம்மா வெந்நீர் ஊற்றிக் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வளையம் அவள் கையோடு வந்துவிட்டது. அவள் அதை ஒரு கணம் வைத்துப் பார்த்துவிட்டுத் தரையில் வைத்தாள். நாத்தனார் துணியில் முடிந்து பங்களாவுக்கு எடுத்துப் போனாள். திரும்பி வரும்போது நான் இறங்குவதற்கான சீட்டு அவள் கையில் இருந்தது. துரைசாணி வெந்நீரில் போட்டுக் கழுவி, வெளிச்சத்தில் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ரொம்ப சந்தோஷப்பட்டாராம். பிள்ளையைப் பற்றி என்ன கேட்டார் என்றேன். நாத்தனார் அடுப்பைப் பார்க்கப் போய்விட்டாள்.

அப்பா வந்தார். கேட்டில் காவல்காரன் சீட்டை வாங்கிக்கொண்டு, “காலைக் காட்டுங்க அம்மணி, உத்தரவு” என்றான். காட்டினேன். திறந்தான். வெளியே வந்ததும் அப்பா பேத்தியைக் கையில் வாங்கினார். துணிக்குள்ளிருந்து அவளுடைய வலது கை நழுவித் தொங்கியது. அப்பா எடுத்து உள்ளே வைத்தார். மறுபடி நழுவியது. அவர் அதைத் தொட்டுப் பார்த்தார், விரலை வைத்துப் பிடிக்கிறதா என்று பார்த்தார்.

“என்ன கண்ணு, பாப்பா இந்தக் கைய அசைக்கவே மாட்டேங்குது?”

“மோதரத்துல ஒரு கீறல் இல்லீங்கப்பா” என்றேன்.